‘கொஞ்சம் பொறு’ திட்டமும் ஒரு மான் லீவும்

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒன்றுமில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்த படத்தை அக்கா பார்த்துவிட்டு உங்களிடமும் காட்டியிருக்கிறாள். படத்தில் கேன்டீன் தரையில் மல்லாந்து கிடப்பது நான்தான். பின்னால் மேடையில் மைக்கைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பவர் எங்கள் பெரிய அதிகாரி ப்ரென்ட். நான் ஏன் கிடக்கிறேன், அவர் ஏன் சிரிக்கிறார் என்பதையெல்லாம் போன வசந்தத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இந்த அமெரிக்க ஊர் வழக்கப்படி, எல்லோரும் வறுத்த மீன் சாப்பிடப் போனோம். நான் மீனைத் தொடவில்லை. பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டு மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், அதைச் சாப்பிட்டேன். ஒரு கூடை. பிறகு இன்னொரு கூடை. வெளியே வந்தபோது நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் டுவேன் வாண்டெஹே நின்றுகொண்டிருந்தார். கதவுக் கீல் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரிவில் இருப்பவர். அறுபதை நெருங்குகிறவர்.

"என்ன தம்பி?"

"நெஞ்சு, டுவேன். போயிட்டேன்னு நினைக்கிறேன்."

"சரி. வண்டில ஏறு."

வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எமர்ஜென்சியில் நான் படுத்திருந்த நேரம் முழுக்க வெளியே உட்கார்ந்து, தூண்டில்காரர்களுக்கான பழைய பத்திரிகை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு "வாயு" என்றார். திரும்பும்போது டுவேன் பேசியது ஒரே வாக்கியம்: "அவ்வளவு மோசமில்ல, இல்லையா?"

இந்த விஸ்கான்சின்காரர்களிடம் எதைக் கேட்டாலும் பதில் அதுதான். பனியில் கொட்டகைக் கூரை விழுந்துவிட்டதா? அவ்வளவு மோசமில்லை. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாளா? அவ்வளவு மோசமில்லை. ரொம்ப ருசியான சூப்புக்கும் அதே பாராட்டுதான். நானோ கண்ணிமை துடித்தாலே உயில் எழுதலாமா என்று யோசிக்கிறவன். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. ஊசி போட வந்த கம்பவுண்டரை நான் கடித்த கதையை நீங்கள்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட என்னை இந்தக் கம்பெனி எந்தப் பிரிவில் வைத்திருக்கிறது? ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில்.

கோடையில் எங்கள் மனிதவளத் தலைவர் ப்ரென்ட் காஸ்கி ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு ஒரு யோசனையுடன் திரும்பினார். என் மேலதிகாரி மார்லிஸையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம ஆளுங்க எமர்ஜென்சிக்கு அனாவசியமாப் போறாங்க. நிறுத்தணும். அவங்க நல்லதுக்குத்தான். ஆஸ்பத்திரில எவ்வளவு கிருமி தெரியுமா?"

"அனாவசியம்னா எதுங்க?" மார்லிஸ் கேட்டார்.

"போய்ப் பாத்து, கடைசில ஒண்ணுமில்லைன்னு தெரியுதே, அது."

நான் மெதுவாகக் கேட்டேன்: "ஒண்ணுமில்லைன்னு போனதுக்கு அப்புறம்தானே தெரியும்?"

"அதான் பிரச்சினையே. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா போகவே வேண்டாமே. அந்த முன்யோசனையைத்தான் நாம வளர்க்கப் போறோம்."

மார்லிஸ் அதை எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன், புரியவில்லை. என் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன்.

அடுத்த கூட்டத்தில் அனாவசிய விசிட்களைத் திரையில் காட்டினார்கள். தனியுரிமைச் சட்டம் இருப்பதால் யார் பெயரும் இருக்காது. முதல் வரியில் 'ஆண், இருபத்தாறு, அலுவலகம், நெஞ்சு வலி, முடிவு: வாயு' என்று இருந்தது. அலுவலகத்தில் இருபத்தாறு வயது ஆண் ஒருவன்தான். அவன்தான் அந்தத் திரையை இயக்கிக்கொண்டிருந்தான்.

"யாரா இருந்தாலும் அந்த ஆளை நான் குத்தம் சொல்லல," என்றார் ப்ரென்ட். "பாவம், பயந்துட்டான். ஆனா பயத்துக்கெல்லாம் நம்ம திட்டத்துல காப்பீடு கிடையாது."

நான் கையைத் தூக்கினேன். ப்ரென்ட் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுதான் தைரியம். டாயா, நீதான் இந்தத் திட்டத்தோட தூதர்." தயாபரன் என்பது இங்கே டாயாவாகி வெகுகாலம் ஆகிறது.

இப்படியாகத் திட்டத்துக்குக் ‘கொஞ்சம் பொறு’ என்று பெயர் வைத்து, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிற படத்தின் கீழே 'நான் பொறுத்திருக்கலாம்' என்று அச்சடித்து, தொழிற்சாலை முழுக்க ஒட்டினார்கள். ஆண்கள் கழிப்பறையில் சரியாகக் கண்மட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். நம் குடும்பத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு நிதானமாகப் பார்த்த முகம் வேறு யாருடையதும் இருக்காது.

எல்லோருக்கும் திட்டத்தின் பெயர் பொறித்த ஓர் ஐஸ் பை கொடுத்தார்கள். கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். எண்ணை அழுத்தினால் ஒரு பதிவுக்குரல், வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கும். ஐந்துக்கு மேல் சொன்னால் நிஜமான நர்ஸிடம் அனுப்பும். ஐந்துக்குள் சொன்னால் வீட்டு வைத்தியம் சொல்லும். அன்று நீங்கள் வீட்டில் ஓய்வெடுக்கிறீர்கள் என்று உங்கள் மேற்பார்வையாளருக்குத் தகவலையும் தானே அனுப்பிவிடும். எமர்ஜென்சியைவிட ஓய்வு மலிவு என்பது ப்ரென்டின் கண்டுபிடிப்பு.

அந்த எண் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு தூதருக்கு. நான் பொறுப்பானவன். தலைவலிக்குக் கூப்பிட்டேன். விக்கலுக்குக் கூப்பிட்டேன். முதுகில் இருப்பது மச்சமா, புதிதா என்று கேட்கக் கூப்பிட்டேன். எப்போது கேட்டாலும் என் வலி எட்டு அல்லது ஒன்பது. ஒரு நாள் அந்தக் குரல் கனிவோடு சொன்னது: "தயாபரன், உங்கள் பழைய அழைப்புகளை வைத்து, உங்களுடைய ஒன்பதை இனி மூன்று என்று எடுத்துக்கொள்கிறோம்."

ஊர்க்காரர்கள் பிரச்சினை வேறு. அவர்கள் வாயில் மூன்றுக்கு மேல் எண்ணே வராது. கிடங்கில் லைல் என்று ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில் வீசியதில் முள் திரும்பி வந்து அவருடைய புருவத்திலேயே மாட்டிக்கொண்டது. எண்ணைக் கூப்பிட்டு "ரெண்டு" என்று சொல்லியிருக்கிறார். முள்ளோடு, முள்ளில் தொங்கும் வெள்ளி மீன்பொம்மையோடு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். குடும்ப டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாராம்.

ப்ரென்ட் அவரை மேடையில் ஏற்றினார். "லைலைப் பாருங்க. நம்ம திட்டத்தோட முகம் இதுதான்."

லைல் தலையாட்டினார். மீன்பொம்மையும் ஆடியது. எல்லோரும் கைதட்டினோம். நான்தான் அதிகமாகத் தட்டினேன், என் முகத்துக்கு ஓய்வு கிடைத்ததே என்று.

அன்றைக்கே ப்ரென்ட் மான் லீவையும் அறிவித்தார். இங்கே நவம்பரில் ஒரு சனிக்கிழமை விடிகிறபோது மான் வேட்டை தொடங்கும். நம் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்குமோ அப்படித்தான் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வடக்கே போகிற சாலை இருக்கும். "மான் சீசன் வரைக்கும் ஒரு அனாவசிய விசிட்கூட இல்லைன்னா, அந்த வெள்ளிக்கிழமை மொத்தத் தொழிற்சாலைக்கும் சம்பளத்தோட லீவு." கூரை அதிர்ந்தது. இந்த ஜனங்கள் அவ்வளவு சத்தம் போடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு யாரும் எமர்ஜென்சிப் பக்கம் போகவில்லை. யாராவது இருமினால் பக்கத்தில் இருப்பவர் "ஏய், மான் லீவு" என்பார். இருமல் நின்றுவிடும். மருத்துவ உலகம் இதை ஆராய வேண்டும் என்று ப்ரென்ட் சொன்னார்.

அந்த வெள்ளிக்கு முதல் நாள், வியாழக்கிழமை மதியம், கேன்டீனில் வெற்றி விழா. ஆளுக்கொரு பாத்திரத்தில் காரமான பீன்ஸ் கறி சமைத்துக்கொண்டு வந்து யாருடையது ருசி என்று போட்டி. பாதிப் பேர் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியுடனே வந்துவிட்டார்கள். டுவேன் மூலையில் உட்கார்ந்திருந்தார். தட்டைத் தொடவில்லை. முகம் ஈரச் சிமென்டு நிறத்தில் இருந்தது. கேன்டீனில் எல்லோரும் கோட்டு போட்டிருக்க, அவர் நெற்றியில் மட்டும் வியர்வை. வலது கை, இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

அம்மா, எனக்கு இல்லாத நோய்களை எல்லாம் நான் பல வருடமாகப் படித்துவைத்திருக்கிறேன். அந்தப் படிப்பு இன்னொருவர் உடம்பில் அப்படியே உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"டுவேன், என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. காலைல பனி வாரினேன், தோள்பட்டை பிடிச்சிருக்கு."

"காலைல பனியே பெய்யலையே."

"அப்ப போன வருஷம் வாரினதா இருக்கும்."

"விளையாடாதீங்க. எமர்ஜென்சிக்குப் போலாம் வாங்க."

அவர் கேன்டீனை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுத் தொப்பி. "இன்னைக்கா? இவனுங்க எல்லாம் வண்டில துப்பாக்கி ஏத்தி வச்சாச்சு தம்பி. என் தோள்பட்டைக்காக நாளைக்கு இங்க வந்து தகடு வெட்டச் சொல்றியா?"

"நிஜமாவே ஏதாவது இருந்தா அது அவசியமான விசிட், டுவேன். கணக்குல வராது."

"இல்லைன்னா?"

எங்கள் திட்டம் மொத்தமும் அந்த ‘இல்லைன்னா’வுக்குள்தான் இருந்தது. அதைச் சுவர் சுவராக ஒட்டியவனும் நான்தான்.

"அப்ப நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடு. அது வர்றதுக்குள்ள நான் என் வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்." வண்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்த நிலையில் அவரை வண்டி ஓட்ட விடவே கூடாது.

திட்டத்தின் எண்ணை அழுத்திப் போனை அவர் காதில் வைத்தேன். வலி எவ்வளவு என்று குரல் கேட்டது.

"மூணு," என்றார் டுவேன். ஒரு மூச்சு வாங்கிவிட்டு, "ரெண்டரைன்னு போட்டுக்கம்மா."

ஐஸ் வைக்கச் சொன்னது. அவர் பையிலிருந்து ‘கொஞ்சம் பொறு’ ஐஸ் பையை எடுத்து மரியாதையாகத் தோளில் வைத்துக்கொண்டார்.

நான் நகர்ந்துபோய் என் கணக்கில் கூப்பிட்டேன். அவருக்கு இருப்பதையெல்லாம் எனக்கு இருப்பதாகச் சொன்னேன். வலி ஒன்பது என்றேன். "மூன்று என்று எடுத்துக்கொள்கிறோம்," என்றது குரல். "பாலாடைக்கட்டி சாப்பிட்டீர்களா?"

மார்லிஸிடம் ஓடினேன். அவர் டுவேனைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ பாவம், நல்லாவே இல்ல. ஆனா அவரா வாய் திறந்து சொல்லாம நாம எப்படிக் கண்ணு போய்ச் சொல்றது? அநாகரிகமா இருக்குமே."

மேடையில் ப்ரென்ட் பேச ஆரம்பித்திருந்தார். "இன்னைக்கு இந்தத் தொழிற்சாலைல நோயாளின்னு யாரும் இல்லை. பொறுமைசாலிகள்தான் இருக்காங்க..."

டுவேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

அப்போதுதான் எனக்கு வசந்தகாலம் ஞாபகம் வந்தது. இந்த மனிதர் தனக்காக ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். ஆனால் அடுத்தவன் கூப்பிட்டால் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, "கீல் தொழிற்சாலை கேன்டீன்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலி" என்று சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை. பிறகு டுவேன் வாசலுக்குப் போகும் வழியில், அவர் காலடியில், மல்லாந்து விழுந்தேன். பீன்ஸ் கறிப் பாத்திரம் ஒன்றும் கூட விழுந்தது. அது யோசித்துச் செய்ததல்ல.

"டுவேன்... நெஞ்சு... போயிட்டேன்னு நினைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மெதுவாக முட்டி போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஐஸ் பை மாதிரி சில்லென்று இருந்தது.

"சரி தம்பி. நான் இருக்கேன்."

ப்ரென்ட் மைக்கை விடவில்லை. "யாரும் பதற வேண்டாம். இந்த மாதிரி தருணத்துக்குத்தான் நாம பயிற்சி எடுத்தோம். டாயா, உன் போஸ்டரை நினைச்சுப் பாரு. வலி எவ்வளவு?"

"பத்து," என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. லைல் குனிந்து என் காதருகே வந்தார். புருவத்தில் தழும்பு இருந்தது. "டாயா, கோவிச்சுக்காத. ஒரே ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

கம்பெனிப் பக்கத்துக்குப் படம் எடுக்கிற பெண் அப்போதுதான் படம் எடுத்தாள். அக்கா பார்த்தது அதைத்தான். ப்ரென்ட் யார் படம் எடுத்தாலும் சிரித்துவிடுவார், பழக்கம்.

ஆம்புலன்ஸிலிருந்து தலைமுடியை இறுக்கக் கட்டிய ஒரு பெண் இறங்கி வந்தாள். "யாருக்கு?" என்றாள். கேன்டீன் முழுக்க என்னை நோக்கி விரல் நீட்டியது. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், முகவரி மாறி வந்த பார்சலைப் பார்க்கிற மாதிரி. பிறகு என் கையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்துகொண்டு நேராக அவர் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு எவ்வளவு நேரமா இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பையன்தான்..."

"சரிங்க, நீங்க உக்காருங்க."

"அவ்வளவு மோசமில்லம்மா."

"தெரியும். எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. உக்காருங்க."

டுவேன் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோக முயற்சி செய்தார், கால் வரவில்லை. "அவன் வந்தா நான் வரேன்," என்றார் கடைசியில். எனவே அவரைப் படுக்கையிலும் என்னை முன் சீட்டிலும் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். பீன்ஸ் கறி அப்பிய சட்டையோடு நான் எவ்வளவு மறுத்தும் எனக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள்.

டுவேனுக்கு இதயக் குழாயில் அடைப்பு. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தால் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டார் என்றார்கள். உள்ளே கம்பிவலை வைத்து அடைப்பை நீக்கிவிட்டார்கள்.

எனக்கு வாயு.

மாலையில் ப்ரென்டின் மின்னஞ்சல் எல்லோருக்கும் வந்தது. இன்று நடந்த இரண்டு விசிட்களில் ஒன்று அவசியமானது, அந்த ஊழியரின் முன்யோசனையைக் கம்பெனி பாராட்டுகிறது. இன்னொன்று அனாவசியமானது. ஆகவே, மிகுந்த வருத்தத்துடன், நாளைய மான் லீவு ரத்து.

பெயர் போடவில்லை. தனியுரிமைச் சட்டம்.

வெள்ளிக்கிழமை காலை நான் அடி வாங்கத் தயாராகத்தான் வேலைக்குப் போனேன். வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தது. தகடு வெட்டும் பிரிவு இருட்டாக இருந்தது. மேற்பார்வையாளர்களின் அறைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் மேற்பார்வையாளர்களும் இல்லை. அலுவலகத்தில் ப்ரென்டும் மார்லிஸும் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொழிற்சாலையே விடியற்காலையில் ‘கொஞ்சம் பொறு’ எண்ணைக் கூப்பிட்டிருக்கிறது. இடுப்பு, முட்டி, கழுத்து. எல்லோருக்கும் வலி மிகச் சரியாக நான்கு. நான்கு என்று சொல்ல அவர்கள் எவ்வளவு பயிற்சி எடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். குரல் எல்லோரையும் இன்று ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டது. லைலுக்கு மட்டும், முடிந்தால் சுத்தமான காற்று வாங்கவும் சொல்லியிருக்கிறது.

ப்ரென்டின் கண்கள் கலங்கியிருந்தன. கோபம் என்று நினைத்தேன்.

"பாத்தியா டாயா? இவ்வளவு வலி. ஒருத்தர்கூட எமர்ஜென்சிக்குப் போகல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இதை நான் மாநாட்டுல சொல்லப் போறேன். மனுஷங்க மாறுவாங்க."

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை டுவேனைப் பார்க்கப் போனேன். காட்டிலிருந்து நேராக வந்தவர்கள் அறையில் ஆரஞ்சு உடையில் நின்றுகொண்டிருந்தார்கள். யார் எத்தனை மான் பார்த்தார்கள், எது தப்பியது என்று ஒரே பேச்சு. லைல் வந்து என் கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் திணித்தார். போன வருடத்து மான் தொத்திறைச்சி. "உன் நடிப்பு அவ்வளவு மோசமில்ல," என்றார். இந்த ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது, அம்மா. நீங்கள் அதைச் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள்.

நர்ஸ் வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "டுவேன், இப்ப வலி எவ்வளவு?"

"மூணு."

நான் தொண்டையைச் செருமினேன். டுவேன் என்னை முறைத்தார். கூரையைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"சரி. நாலு."

நர்ஸின் கையிலிருந்த பேனா நின்றது. "நாலா?" அடுத்த நொடி அவள் மணியை அழுத்தி, எங்களையெல்லாம் வெளியே துரத்தி, டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாள். மருந்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். அரை மணியில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். இரண்டு நாளில் முதல் தூக்கமாம்.

நடைபாதையில் அவள் திரும்பி வரும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சிஸ்டர், எனக்கும் இடது பக்கம் லேசா என்னமோ பண்ணுது."

"எவ்வளவு?"

"ஒன்பது."

அவள் நடையை நிறுத்தவே இல்லை. "அப்ப ஒண்ணுமில்ல," என்றாள்.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, அம்மா?